எம்.ஜி.பி. காரின் பெடல் கோளாறுகள்: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி, "பெடலை அட்ஜஸ்ட் செய்யும் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது?" என்பது. கிளட்ச் பெடலுக்கு அப்படி ஒரு ஸ்க்ரூவே கிடையாது. பிரேக்குக்கு இருப்பது பின்சக்கரத்தின் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆக்சிலரேட்டருக்கு மட்டும்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அதனால் இந்தக் காரில் பெடல் சரிசெய்வது என்றால், காலில் தொடங்கும் அசைவு போகும் வழியில் எங்கே தொலைகிறது என்று தேடுவதுதான். தேடலைக் கால் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சில பவுண்டு விலையுள்ள ஒரு பின் தேய்ந்ததற்காக, பெடலின் அசைவை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றியவர்களையும், எஞ்சினையே இறக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது கடந்து பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. எல்லா எம்.ஜி.பி.யும் இன்று அந்த வயதைத் தாண்டிவிட்டது. வருடம் ஒருமுறை வேறொருவர் பிரேக்கைப் பார்த்துச் சொல்வார் என்ற பாதுகாப்பு இப்போது இல்லை. பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

எதையும் கழற்றும் முன்

தரைவிரிப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு பெடலையும் கடைசிவரை அழுத்திப் பாருங்கள். பிற்பாடு போட்ட தடித்த விரிப்பு கிளட்ச், ஆக்சிலரேட்டர் இரண்டையும் முழுதாக இறங்கவிடாமல் தடுப்பதுண்டு.

பானெட்டைத் திறந்து இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களிலும் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு விஷயத்தை மறந்துவிடாதீர்கள், அது எங்கோ கசிகிறது. ஊற்றுவது டாட் 4 வகையாக இருக்கட்டும். முந்தைய சொந்தக்காரர் சிலிக்கான் வகையான டாட் 5 போட்டிருந்தால் அதனோடு டாட் 4-ஐக் கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் போன்ற மினரல் ஆயில் ஒரு சொட்டு போனாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். டாட் 4 பெயின்ட்டை உரிக்கும். சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காருக்கு அடியில் போவதாக இருந்தால் ஸ்டாண்டு வைத்துவிட்டுப் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் போகாதீர்கள்.

அறிகுறி: கிளட்ச் தரையை ஒட்டித்தான் வேலை செய்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது

இந்தக் காரில் அடிக்கடி வரும் கோளாறு இது. முதலில் கோளாறு உண்மைதானா என்று பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓட, கிளட்சை முழுதாக அழுத்தி ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் முழுதாக விடுபடுகிறது என்று பொருள். பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்படுத்தும் சிங்க்ரோ, 1967-க்கு முந்தைய கியர் பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு மட்டுமல்ல, முதல் கியருக்கும் கிடையாது. பொறுக்காமல் போட்டால் நல்ல கிளட்சும் கரகரக்கும்.

பொறுத்த பிறகும் கரகரத்தால், பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

*பம்ப் செய்தால் சரியாகிறது.* குழாயில் காற்று இருக்கிறது, அல்லது ஒரு சீல் போய்விட்டது. கசிவை இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று, காருக்குள் பெடல் தண்டின் மேல்பகுதி. அங்கே ஈரம் இருந்தாலோ, பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போயிருக்கிறது. இன்னொன்று, கியர் பாக்ஸின் வலப்பக்கம் இருந்து, ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை. அதன் உதட்டை விரலால் விலக்கிப் பாருங்கள், ஆயில் வடிந்தால் சீல் போய்விட்டது. ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான். நான் இரண்டையும், நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸையும் சேர்த்தே மாற்றுவேன்.

*பம்ப் செய்தாலும் மாற்றமில்லை.* கோளாறு பெரும்பாலும் இரும்பில் இருக்கிறது. பானெட்டுக்கு அடியில் பெடல் பெட்டியை மூடியிருக்கும் தகரத்தைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் பல, சில துருப்பிடித்திருக்கும், கைக்கும் இடம் போதாது. பொறுமையாகச் செய்தால் பலன் உண்டு. பெடல் தண்டையும், மாஸ்டர் சிலிண்டருக்குள் தள்ளும் கம்பியான புஷ் ராடையும் இணைக்கும் கிளெவிஸ் பின் அங்கே தெரியும். உதவிக்கு ஒருவரை உட்கார வைத்து, பெடலைக் கையால் மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். பெடல் அசைந்தும் புஷ் ராடு அசையாத தூரம்தான் உங்கள் கிளட்சிலிருந்து தொலைந்துபோன தூரம்.

கழலாமல் பூட்டியிருக்கும் ஸ்ப்ளிட் பின்னை எடுத்துக் கிளெவிஸ் பின்னை உருவிப் பாருங்கள். 5/16 அங்குலம் தடிமன் இருக்க வேண்டிய பின்னின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். பெடல் தண்டின் துளை வட்டம் மாறி நீள்வட்டமாகியிருக்கும். புஷ் ராடின் கவையிலும் அதே தேய்மானம். இங்கே தேய்வது ஒரு மில்லிமீட்டர் என்றால் காலடியில் வீணாவது பல மில்லிமீட்டர். ஒவ்வொரு கியருக்கும் கடைசிவரை அழுத்தப்படுவதால் பிரேக்கின் பின்னைவிடக் கிளட்சின் பின் முன்னதாகவே தேய்கிறது.

புதுப் பின் போட்டுப் பாருங்கள். துளை வட்டமாகவே இருந்தால் வேலை முடிந்தது. துளை நீண்டிருந்தால் புதுப் பின்னால் பாதிதான் திரும்பி வரும். பெடலைக் கழற்றித் துளையை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளையிட வேண்டும், அல்லது துளையைப் பெரிதாக்கிப் புஷ் (bush) எனும் உலோக வளையத்தை அடித்துச் சேர்க்க வேண்டும். வெல்டிங் தெரியாதவர்கள் பெடலை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போகலாம். காரையே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

மறுமுனையை மறந்துவிடாதீர்கள். ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு கிளட்சை நெம்பும் ஃபோர்க்கைச் சேரும் இடத்திலும் இதே மாதிரிப் பின் ஒன்று இருக்கிறது. மேலே சரிசெய்த பலர் இதைத் தொடுவதே இல்லை.

நீளம் மாற்றக்கூடிய புஷ் ராடுகள் கடைகளில் கிடைக்கின்றன. தேய்மானத்தை மறைக்க இவற்றைப் போடுவதை நான் ஏற்பதில்லை. கொஞ்சம் அதிகமாக நீட்டிவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது. ஆயில் திரும்பிப் போகும் துளை அடைபட்டு, கிளட்ச் எப்போதும் சற்று அழுத்தப்பட்டபடியே இருக்கும். சீக்கிரமே கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

*இரண்டும் சரி, இன்னும் கரகரக்கிறது.* ஒருவர் பெடலை முழுதாக அழுத்த, இன்னொருவர் ஸ்லேவ் புஷ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று அளக்கட்டும். ஏறத்தாழ அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. அளவுக்கு நகர வேண்டும். இந்த ஒரே அளவு முடிவைச் சொல்லிவிடும். நகர்வு குறைவு என்றால் இன்னும் மேலேயே தேட வேண்டும். முழுதாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் கோளாறு கிளட்சுக்குள் இருக்கிறது. இந்தக் காரில் கிளட்சை எட்ட எஞ்சினை இறக்கியாக வேண்டும். கிரேனும் அனுபவமும் இல்லாதவர்கள் இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

அதற்கு முன் ஒரு விதிவிலக்கு. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற கார், பெடல் வழக்கம்போல் இருக்கிறது, ஆனால் கிளட்ச் துளியும் விடவில்லை என்றால் கிளட்ச் தட்டு துருவால் எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலில் ஒட்டியிருக்கலாம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, எதிரே ஆளில்லாத திறந்த இடத்தில் கியரில் போட்டு, கிளட்சை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் விடுபடும். கார் பாய்ந்து கிளம்பும், தயாராக இருங்கள்.

காற்று எடுத்தும் கிளட்ச் முழுதாக விடவில்லை என்றால்

ஸ்லேவ் சிலிண்டர் கீழே இருக்கிறது, குழாய் மேலே போய் வளைந்து வருகிறது. மேலிருந்து பெடலை மிதித்துக் காற்றைக் கீழே தள்ளுவது அதன் இயல்புக்கு எதிரான வேலை. கீழிருந்து மேலே தள்ளுவதுதான் சுலபம்.

எனக்குப் பிடித்த முறை இது. வலது முன்சக்கர பிரேக்கில் காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிளையும் ஸ்லேவின் நிப்பிளையும் ஒரு பிளாஸ்டிக் குழாயால் இணையுங்கள். குழாயில் காற்றில்லாமல் முதலில் ஆயிலை நிரப்பிக்கொள்ளுங்கள். இரண்டு நிப்பிளையும் திறந்து, பிரேக் பெடலை மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். பெடலை விடும் முன் ஒவ்வொரு முறையும் பிரேக் பக்க நிப்பிளை மூடிவிட வேண்டும். பிரேக் ஆயில் கீழிருந்து ஏறி, காற்றைக் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் வழியாக வெளியேற்றும். பிரேக் பக்கம் அளவு குறையாமலும் கிளட்ச் பக்கம் நிரம்பி வழியாமலும் ஒரு கண் இருக்கட்டும். முடிந்ததும் பிரேக் பெடல் உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்காமல் காரை நகர்த்தாதீர்கள்.

அறிகுறி: கிளட்ச் பெடல் கீழேயே நின்றுவிடுகிறது

திரும்பு ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா அல்லது அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் சரி, பெடலைக் கால் விரலால் தூக்கினால் எதிர்ப்பில்லாமல் மேலே வருகிறது என்றால் ஆயில் காலி, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. சாலையில் இது நேர்ந்தால் ஒருமுறை ஆயில் ஊற்றிப் பம்ப் செய்து வீடு சேர முயலலாம். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

அறிகுறி: முதல் அழுத்தில் பிரேக் பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டாவதில் மேலே நிற்கிறது

பின்சக்கர டிரம் பிரேக்குகளைச் சரிசெய்ய வேண்டும். தொண்ணூறு சதம் இதுதான், செலவும் இல்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, பின்பக்கத்தைத் தூக்குங்கள். ஒவ்வொரு பின்சக்கரத்தின் பின் தட்டிலும் சதுரத் தலையுள்ள அட்ஜஸ்டர் ஒன்று இருக்கிறது. அதற்கான சதுர வாய் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். சாதாரண ஸ்பேனரால் திருப்பினால் முனைகள் மழுங்கிவிடும், அப்புறம் பெரும்பாடு. சக்கரம் இறுகும்வரை திருப்பி, சுலபமாகச் சுற்றும் வரை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்துங்கள். லேசாக உரசும் சத்தம் கேட்பதில் தப்பில்லை.

அட்ஜஸ்டர் அசையவே இல்லை என்றால் துரு ஊடுருவும் எண்ணெயைப் போட்டு ஓர் இரவு விடுங்கள். டிரம்மைக் கழற்ற நேர்ந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதித் தள்ளாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

சரிசெய்த பிறகும் ஆழமாகப் போனால் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள். யாரோ அதை இழுத்து இறுக்கி, அதனாலேயே டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூக்கள் சரியாக உட்காராமல் இருக்கும். கேபிளைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை முதலில் சரிசெய்து, கேபிளைக் கடைசியாக இறுக்குங்கள்.

வளைவில் திரும்பியபின் வரும் முதல் அழுத்து மட்டும் ஆழமாகப் போகிறது, மற்ற நேரம் சரி என்றால் முன்சக்கர பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். சக்கரத்தோடு ஆடும் பிரேக் டிஸ்க், தன்னைப் பிடிக்கும் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினால் தெரியும். இந்தக் காரின் முன் பேரிங்கில் ஷிம் எனும் மெல்லிய வளையம் வைத்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியை அளந்து விட வேண்டும். அளவுக் கருவி இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது

பிரேக் குழாயில் காற்று. அதை எடுங்கள். எடுத்தும் போகவில்லை என்றால் ரப்பர் ஹோஸ்கள் ஊதுகின்றன. ஒருவர் அழுத்தும்போது முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என மூன்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பாருங்கள். வெடிப்போ புடைப்போ தெரிந்தால் மூன்றையும் மாற்றுங்கள்.

அறிகுறி: சிக்னலில் அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது

காரை அப்போதே நிறுத்திவிடுங்கள். வெளியே கசிவு இருந்தால் சக்கரத்தின் உட்பக்கத்திலோ குழாயிலோ ஈரம் தெரியும். எங்கும் ஈரமில்லை, ஆயில் அளவும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீலைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது.

உறுதி செய்ய, ரப்பர் ஹோஸ்களை வழவழப்பான வாயுள்ள ஹோஸ் கிளாம்பால் ஒவ்வொன்றாக நெரித்துப் பாருங்கள். மூன்றையும் நெரித்தும் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர்தான். இறங்காமல் நின்றால் ஒன்றொன்றாகத் திறந்து எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்கலாம். எஃகுப் பின்னலிட்ட ஹோஸ்களையும் வெடித்த பழைய ஹோஸ்களையும் நெரிக்கவே கூடாது.

மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாகவே வாங்குங்கள். உள்சுவரில் துருப்பள்ளம் விழுந்த பழைய சிலிண்டரில் புது சீல் போடுவதால் கோளாறு சில மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பிரேக் குழாய்களைக் கழற்றி மாட்டிய பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

அறிகுறி: காலை எடுத்தும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது

பெடலை விரலால் தொட்டு அழுத்துங்கள். எதிர்ப்புத் தொடங்கும் முன் மிதிகட்டையில் 3 மி.மீ. அளவுக்கு வெறும் அசைவு இருக்க வேண்டும். இரட்டைச் சுற்று பிரேக் (இரண்டு தனித்தனி ஆயில் பாதைகள்) உள்ள பிற்காலக் கார்களில் பிரேக் விளக்கு சுவிட்ச் பெடல் பெட்டியில் இருக்கிறது. அதை அதிகமாகத் திருகி உள்ளே விட்டிருந்தால் பெடல் முழுதாகத் திரும்பாது. பூட்டு நட்டைத் தளர்த்தி, சுவிட்சைப் பின்னால் எடுத்து, அந்த 3 மி.மீ.-ஐத் திரும்பக் கொண்டுவாருங்கள். விளக்கு எரிகிறதா, அணைகிறதா என்று கடைசியில் பாருங்கள்.

வெறும் அசைவு சரியாக இருந்தும் சக்கரம் இறுகியிருந்தால், இறுகிய நிலையிலேயே அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைத் திறங்கள். திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பேடுகளைத் தள்ளும் கேலிப்பர் பிஸ்டன் துருவால் பிடித்திருக்கிறது. ஆயில் பீறி வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது. அப்படியானால் நிப்பிளை மூடி, மறுபடி பிரேக்கை அழுத்தி இறுகச் செய்து, இந்த முறை ஹோஸுக்கு மேலே இருக்கும் இரும்புக் குழாயின் இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால் ஹோஸ் உட்புறம் அடைத்திருக்கிறது. வெளியே புதிது போலத் தெரியும் ஹோஸிலும் இது நடக்கும். எல்லாச் சக்கரமும் ஒரே நேரத்தில் இறுகினால் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை அடைப்பு.

அறிகுறி: ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது சிக்குகிறது

சிக்குவதை முதலில் சொல்கிறேன். ஓடும்போது சிக்கினால் கிளட்சை அழுத்தி, சாவியை ஒரு படி திருப்பி எஞ்சினை அணையுங்கள். ஸ்டியரிங் பூட்டு உள்ள கார்களில் கடைசிவரை திருப்பக் கூடாது, கார் நிற்கும் முன்பே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

நிறுத்தியபின் கேபிளைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றுங்கள். எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் லீவரைக் கையால் திறந்து விட்டால் பட்டென்று மூட வேண்டும். மூடினால் கோளாறு கேபிளிலோ பெடலிலோ இருக்கிறது. மூடவில்லை என்றால் கார்புரேட்டரின் திரும்பு ஸ்பிரிங்கையும் லீவர் சுழலும் அச்சான ஸ்பின்டிலையும் பாருங்கள். பிசிறு விட்ட கேபிளை அன்றே மாற்றுங்கள். உள்ளே நைலான் பூச்சுள்ள புதுக் கேபிளுக்குக் கிரீஸ் போட வேண்டாம், தூசியைத்தான் சேர்க்கும்.

வேகம் குறைவு என்று கார்புரேட்டரைப் பிரிக்கும் முன், ஒருவரை உட்கார வைத்துப் பெடலை அழுத்தச் சொல்லி, எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டின் லீவர்களும் கடைசித் தடுப்பைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். முக்கால்தான் திறக்கிறது என்றால் கேபிள் கிளாம்பைத் தளர்த்திச் சற்று இழுத்து இறுக்குங்கள். ஆனால் கால் எடுத்த நிலையில் கேபிளில் சிறு தொய்வு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐடில் ஏறிவிடும். த்ராட்டில் முழுதாகத் திறக்கும் அதே கணத்தில் பெடலும் தன் தடுப்பைத் தொட வேண்டும். பெடல் தடுப்பு மிகத் தாழ்வாக இருந்தால் காலின் முழு பலமும் கேபிளில் விழுந்து அதை அறுத்துவிடும்.

அறிகுறி: பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் உயரத்தில் பொருந்தவில்லை

பிரேக்கை அழுத்தியபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக் கியரைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய குறை. உயரத்தைப் பெடல்கள் ஓய்வாக இருக்கும்போது அளக்காதீர்கள். பிரேக்கைப் பலமாக அழுத்திய நிலையில் அது ஆக்சிலரேட்டரைவிடச் சற்றே மேலே நிற்க வேண்டும். அதனால் பின்சக்கர அட்ஜஸ்டர், காற்று, கிளெவிஸ் பின் எல்லாவற்றையும் முடித்தபிறகுதான் இந்த வேலை. பெரும்பாலும் அதற்குள் குறையே போயிருக்கும்.

மிச்சமிருந்தால் ஆக்சிலரேட்டரை மட்டும் மாற்றுங்கள். மிதிகட்டையின் மேல் ஒரு தகட்டைப் போல்ட் போட்டுப் பொருத்தலாம். தண்டைக் குளிர்ந்த நிலையிலேயே சிறிது வளைக்கவும் செய்யலாம். வளைத்தபின் முழுத் திறப்பையும் திரும்பி வருவதையும் மறுபடி சோதியுங்கள். பிரேக் பெடல் தண்டை வளைக்கவோ சூடாக்கவோ வெட்டி ஒட்டவோ கூடாது. வழக்கமாக ஓட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். அகலமான அடிப்பாகம் உள்ள ஷூ இந்தக் குறுகிய கால் இடத்தில் இரண்டு பெடல்களையும் ஒன்றாக மிதித்துவிடும்.

அறிகுறி: பெடல் பக்கவாட்டில் ஆடுகிறது, கீச்சிடுகிறது

கிளட்சும் பிரேக்கும் ஒரே போல்ட்டில்தான் தொங்குகின்றன. உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்தால் இரண்டுமே ஆடும். கீச்சு மட்டும் என்றால் கொஞ்சம் கிரீஸ் போதும். ஆட்டம் இருந்தால் பெடல் பெட்டியை முழுதாக இறக்கிப் புது புஷ் போட வேண்டும். கிளெவிஸ் பின்னுக்காகத் தகரத்தைக் கழற்றிய அன்றே இதையும் பார்த்துவிட்டால் அந்தத் துருப்பிடித்த ஸ்க்ரூக்களோடு இரண்டாம் முறை போராட வேண்டியதில்லை. மறுபடி பூட்டும்போது புது ஸ்ப்ளிட் பின்களையே போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம்.